இடப்பக்கம் தேய்ந்த டயர்

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். வேதா மேடத்துக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த வியாழக்கிழமை மதியம் நான் மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மேடம் கால் மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை.

எங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியது ஒரு கடிதம். அதைக் கொண்டுவந்தவள் ஜீனத். தேரடி வீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அழ வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். இப்போது முகத்தில் ஆத்திரம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

கடிதம் அருணை மோட்டார் பந்தயக் கழகத்துடையது. 1953-இல் ஆரம்பித்த கழகம். வருஷா வருஷம் வைகாசியில், கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஏரி வற்றியதும், அந்தப் படுகையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட்டுவார்கள். 1970-க்கு முந்தின வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். இந்த 1998-ஆம் வருஷப் பந்தயம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாறன் என்கிறவன் மூன்றாவது வளைவில் தன் ஜாவா வண்டியோடு தூக்கியெறியப்பட்டான். வலது முழங்கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அன்றைக்கு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சோதித்து, ஓடலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர் ஜீனத்தின் அப்பா கலீல் ரஹ்மான். முப்பத்தொரு வருஷமாக அவர்தான். ஊரில் அவருக்குப் பெயரே ஸ்க்ரூட்டினி பாய். மாறன் வண்டியின் முன் டயர் மொட்டையாக இருந்தது, பாய் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார், அதனால்தான் விபத்து என்றது கடிதம். இன்று மாலை ஆறு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அங்கேயே அவரை நீக்கி, அங்கேயே போலீஸில் ஒப்படைக்கப்போகிறார்கள்.

பாய் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவரை, என் கண்ணிலேயே படவேண்டாம் என்று மாறன் சொல்லி அனுப்பிவிட்டான்.

"எங்க அத்தா, சைக்கிள் டயர் மொட்டையா இருந்தாலே வாடகைக் கடைக்காரன நிக்க வெச்சு சண்ட போடுவாரு மேடம். அவரு மோட்டார் சைக்கிள் டயர பாக்காம வுட்டாருன்னு சொன்னா நான் நம்பணுமா?"

மேடம் கடிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தார். கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை எனக்குத்தான்.

"அறிவு, கை கழுவு."

மேடம் பதினெட்டு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதினவர். பெரிய மனிதர் ஒருவரின் லாரியைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியதற்காக நாலு ஊர் மாற்றினார்கள். ஐந்தாவது மாற்றல் உத்தரவை மேனேஜர் மேஜையிலேயே விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து துப்பறியும் நிலையம் திறந்தார். நான் அறிவுச்செல்வன், சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டவன். நிலையத்தின் உதவியாளர், டிரைவர், வாகனம் எல்லாம் நானே. ஆட்டோ என்னுடையது.

கழகத்தின் கொட்டகை செங்கம் சாலையில் இருக்கிறது. செயலாளர் சக்கரபாணி வாசலிலேயே எங்களை நிறுத்தினார். ஊருக்குள் ஒரு லாட்ஜ், ஊருக்கு வெளியே இரண்டு செங்கல் சூளை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் வெண்ணெய். பன்னிரண்டு வருஷமாக அவர்தான் செயலாளர். ஏரியைக் கேட்டு விண்ணப்பம் போடுவது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைப்பது, வளைவுக்கு வளைவு கொடி பிடிக்க ஆள் நிறுத்துவது, கோப்பை கொடுக்கப் பெரிய ஆளைப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. மோட்டார் சைக்கிளில் மட்டும் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

"பாய் மேல எனக்கு மரியாதை ஜாஸ்திமா. ஆனா கையெழுத்து கையெழுத்துதானே. நான் இன்னா பண்ண முடியும்?"

வண்டியைப் பார்க்கப் பத்து நிமிஷம் கொடுத்தார். ஏதோ பிச்சை போடுகிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு மறுபடி பசித்தது.

உள்ளே எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசியில் மாறனின் ஜாவா. ஹாண்டில் முறுக்கிக்கொண்டு, விளக்கு உடைந்து, மேலெல்லாம் ஏரிச் செம்மண். முன் டயர் மொட்டைதான், அதில் சந்தேகமே இல்லை. சக்கர நட்டில் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. அது பாயின் முத்திரை. சோதித்து முடித்த ஒவ்வொரு சக்கரத்திலும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுப்பார். பிறகு யாராவது நட்டைத் திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கோடு விலகவில்லை என்பதை சக்கரபாணியே முந்திக்கொண்டு காட்டினார். பாய்க்குப் பிறகு யாரும் அந்தச் சக்கரத்தைத் தொடவில்லை என்பது அவர் வாதம்.

மேடம் தரையில் குந்தினார். முன் நட்டின் கோட்டில் விரலை வைத்துத் தேய்த்து விரலைப் பார்த்தார். பின் நட்டின் கோட்டிலும் தேய்த்து விரலைப் பார்த்தார். பிறகு அந்த விரலை என் சட்டைக் கையில் துடைத்தார். புதுச் சட்டையில் செம்மண் கறை. அதற்கப்புறம் மற்ற ஏழு வண்டிகளின் டயர்களையும், கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார்.

எழுந்ததும் இரண்டே கேள்விதான் கேட்டார். பந்தயத்தில் எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள் என்பது முதல் கேள்வி. சக்கரபாணி சிரித்தார். அண்ணாமலையார் ஊரில் யாராவது இடமாகச் சுற்றுவார்களா என்று திருப்பிக் கேட்டார். கிரிவலம் எப்படியோ அப்படித்தான் பந்தயமும், முதல் தலைவர் போட்ட விதி, நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு வண்டிகூட இடமாகச் சுற்றியதில்லை என்றார்.

தடத்தை யார் சரிபார்ப்பது என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பந்தயத்தன்று காலையில் செயலாளர் செருப்பில்லாமல் தடம் முழுக்க நடந்துவர வேண்டும். கல், பள்ளம், முள் எல்லாம் அவர் காலுக்குத் தெரிந்த பிறகுதான் வண்டிகள் இறங்கும். சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினார். 'தடம் முழுவதும் வெறுங்காலுடன் நடந்து பார்த்தேன், குறையில்லை' என்று அச்சடித்த படிவம், கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு அவர் கையெழுத்து.

"கீழ்பென்னாத்தூர் போ," என்றார் மேடம், ஆட்டோவில் ஏறியதும்.

ஊர் எல்லை தாண்டும்வரை அவர் பேசவில்லை. பிறகு பின் சீட்டிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பித்தது. வலமாகச் சுற்றுகிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்றார். வலப்பக்கம் என்றேன். அப்படியானால் டயரில் எந்தப் பக்கம் தேயும் என்றார். அதுவும் வலப்பக்கம்தான் என்றேன். சட்டக் கல்லூரியில் இவ்வளவு சுலபமாகக் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு நீதிபதி.

"எட்டு வண்டி, பதினாறு டயர். பதினஞ்சு வலப்பக்கம் தேஞ்சிருக்கு. மாறனோட பின் டயர் உட்பட. அந்த முன் டயர் மட்டும் இடப்பக்கம்."

டயரைத் திருப்பி மாட்டியிருக்கலாமே என்றேன். ஓடும் திசைக்கான அம்புக்குறி டயரிலேயே இருக்கிறது, அது முன்னால் பார்த்துத்தான் இருக்கிறது என்றார்.

"அந்த டயர் நம்ம ஊர்ப் பந்தயத்துல ஓடினதே இல்ல அறிவு. ஒன்பது கமிட்டி மெம்பர். நாலு நாளா அந்த வண்டியச் சுத்திச் சுத்தி வந்திருக்காங்க. ஒருத்தனுக்கும் கண்ணு இல்ல."

நான் ஒரு புளியமரத்தில் மோதாமல் நூலிழையில் தப்பினேன். விபத்துக்குப் பிறகு நல்ல டயரைக் கழற்றிவிட்டு மொட்டை டயரை மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் மாறனைத் தூக்கியெறிந்தது டயர் இல்லை, வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ ஏரியில்தான் இருக்க வேண்டும்.

ஏரியில் இருசப்பன் இருந்தார். தடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், மற்ற நாட்களில் ஆடு மேய்க்கிறவர். தனக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். மூன்றாவது வளைவு தரை மட்டமாக, உருளை ஓட்டிய மாதிரி சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அங்கே மட்டும் புதுமண். மேடம் அதைச் சுற்றி நடந்தார். எனக்கு வெயிலில் மண்டை காய்ந்தது.

அப்போதுதான் இருசப்பனின் வெள்ளாடு ஒன்று அந்தப் புதுமண்ணைக் காலால் பறித்து, உள்ளேயிருந்து எதையோ இழுத்துத் தின்பதைப் பார்த்தேன். காய்ந்த மல்லாட்டைக் கொடி, வேர்க்கடலைச் செடி. ஏரி நடுவில் மல்லாட்டை பயிர் செய்தது யார் என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். இருசப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு மாதமாக சக்கரபாணியின் லாரிகள் சூளைக்கு அங்கே மண் வெட்டியிருக்கின்றன. வெட்டி வெட்டி, மூன்றாவது வளைவையே தின்றுவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம்தான் செயலாளருக்குப் பந்தயம் நினைவுக்கு வந்திருக்கிறது. இடுப்பளவுப் பள்ளத்தில் பக்கத்துக் களத்து மல்லாட்டைக் கொடியைப் போட்டு நிரப்பி, மேலே நாலு கூடை மண் தூவி, அதன் மேல் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். ஒரு நாள் தாங்கும் என்றாராம். விபத்து நடந்த மறுநாளே டிராக்டர் வைத்து இறுக்கி மட்டம் பண்ணியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் நடந்து பார்த்தாரா என்று மேடம் கேட்டார்.

"எங்கம்மா நடந்தாரு? கார்ல குந்திக்கினே கையெழுத்துப் போட்டாரு. கால்ல மண்ணே படல."

மேடத்தின் பேச்சு நின்றுவிட்டது. நான் ஆத்திரத்தில் ஒரு மண்கட்டியை எட்டி உதைத்தேன். அது கல். இதை நாலு பேர் நடுவில் சொல்வீர்களா என்று இருசப்பனைக் கேட்டதற்கு, அந்தப் பையன் கத்தினது இன்னும் காதில் கேட்கிறது, சொல்கிறேன் என்று அவரே வந்து ஆட்டோவில் ஏறினார். ஆட்டையும் சாட்சிக்கு அழைக்கலாமா என்றேன். மேடம் சிரிக்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போது மணி ஐந்து. வண்டியைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேன். மேடம் என் தோளைத் தட்டிப் பே கோபுரத் தெருவுக்குப் போகச் சொன்னார். அங்கேதான் கலீல் பாயின் வீடு. அதான் எல்லாம் தெரிந்துவிட்டதே, சக்கரபாணி டயரை மாற்றினான், இனி அவனை உரிக்க வேண்டியதுதான் பாக்கி என்றேன்.

மேடம் என் சட்டைக் கையைக் காட்டினார். பின் நட்டின் கோட்டில் செம்மண் இருந்தது. முன் நட்டின் கோட்டில் ஒரு துளி மண்ணில்லை. ஏரியில் விழுந்து புரண்ட வண்டியில் அந்தக் கோடு மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்? விழுந்த பிறகு போட்ட கோடு அது.

"சக்கரபாணிக்கு ஸ்பேனர எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. கை நடுங்காம அப்படி ஒரு கோடு இழுக்கிற ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான்."

எனக்குப் பேச்சு நின்றது.

பாயின் பட்டறை வீட்டுக்குப் பின்புறம். காலி ஸ்டாண்டுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், தொப்பி, நகக்கண்ணில் நிரந்தரமாக கிரீஸ். ஜீனத் கடையிலிருந்து வந்துவிட்டிருந்தாள். மேடம் உட்காரவில்லை.

"பாய், அந்த டயர மாட்டினது நீங்கதானே?"

ஜீனத் மேடத்தை அடிக்க வருகிற மாதிரி எழுந்தாள். பாய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சக்கரபாணி இங்கே வந்திருக்கிறார். பள்ளத்தால் விழுந்தான் என்றால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும், மாறன் காலையே எடுக்க வேண்டிவரும். டயரால் விழுந்தான் என்றால் ஆபரேஷன் நடக்கும். கழகத்துக்குள்ளேயே ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடுகிறேன், வெளியே போகாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். பாய் மாறனின் காலை நினைத்து ஒத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். கழற்றின நல்ல டயரைக் கொளுத்தச் சொன்னதை மட்டும் செய்யவில்லை.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பதினெட்டு வருஷம் அந்தப் பேப்பரத்தான் படிச்சேன் பாய். டயரால விழுந்தாலும் பள்ளத்தால விழுந்தாலும் ஓட்டினவனுக்கு ஒரே பாலிசிதான். பள்ளம்னு தெரிஞ்சா மாட்டறது மாறன் இல்ல. சக்கரபாணி."

பாயின் முகம் வெளுத்தது. அந்த மனிதன் தன்னை ஏமாற்றினான் என்பதைவிட, ஏமாற்றிவிட்டு அதே டயரைக் காட்டிப் போலீஸுக்கும் எழுதிவிட்டான் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. ஜீனத் அவரைப் பிடித்து உலுக்கினாள். நாலு நாள் எனக்குக்கூடச் சொல்லவில்லையே, நான் உங்களுக்கு யார் என்று கேட்டாள்.

மேடம் குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று கேட்டார். பட்டறை மூலையில் மொட்டை டயர் குவிந்து கிடக்கிறதே, அதில் இந்த ஒன்றை ஏன் எடுத்தீர்கள்?

பாய் எழுந்தார்.

"இருவது டயர் கெடந்துதும்மா. வெளியூர் மைதானத்துல இடமா சுத்தினது அது ஒண்ணுதான். தேடி எடுத்து மாட்டினேன். வாயால சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். ஆனா கழகத்துல எவனாவது ஒருத்தன் குனிஞ்சு பாப்பான், இது நம்ம டயர் இல்லையேன்னு கேப்பான்னு இருந்தேன். முப்பத்தோரு வருஷம் இவனுங்க வண்டிக்கெல்லாம் குனிஞ்சேன். எனக்காக ஒருத்தனும் குனியல."

அதற்குப் பிறகு அவர் வாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. பரணில் ஏறி, சாக்கில் சுற்றி வைத்திருந்த டயரை இறக்கினார். தரையைக் கவ்வும் ரப்பர் பட்டன் நன்றாக இருந்தது, வலப்பக்கம் லேசான தேய்மானம். பட்டனின் இடுக்குகளில் காய்ந்த மல்லாட்டைக் கொடி சிக்கிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கொட்டகையில் ஒன்பது மெம்பர்களும் இருந்தார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சக்கரபாணி தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். துரதிருஷ்டம், வேதனை, கடமை என்று ஒவ்வொரு வார்த்தையாக வழித்துப் போட்டார். பாய் நேரே மாறனின் வண்டியிடம் போய் அதன் முன் டயரில் கையை வைத்தார்.

இதைத் தான்தான் மாட்டினதாகவும், விபத்துக்குப் பிறகு சக்கரபாணி சொல்லி மாட்டினதாகவும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சக்கரபாணி சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தார். மாட்டிக்கொண்டவர் ஆயிரம் சொல்வார் என்றார்.

"செக்ரட்டரி, இந்த டயர் எந்தப் பக்கம் சுத்தினதுன்னு சொல்லுங்க," என்றார் பாய்.

சக்கரபாணி டயரைப் பார்த்தார். அது அவருக்கு வெறும் ரப்பர். டயர் டயர்தானே என்று ஏதோ முனகினார். ஒன்பது பேரில் ஒருவர், ஒரு காலத்தில் ஓட்டின கிழவர், அப்போதுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஓரத்தைத் தடவினார். பக்கத்து வண்டியின் டயரைத் தடவினார். தலை நிமிர்ந்தபோது அவரால் பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இது நம்ம ஏரியில் ஓடினதில்லை என்றார்.

நான் சாக்கைப் பிரித்து நல்ல டயரைச் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் உருட்டினேன். இருசப்பன் பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். மேடம் அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தப் படிவத்தைக் கிழித்து எடுத்தார்.

"நாலு நாளா இந்த ஊர் ஒரு கையெழுத்தத்தான் பாத்துது. ரெண்டாவது இது," என்று சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்.

சக்கரபாணி பாயிடம் வந்து நின்றார். நாற்பத்தைந்து வருஷக் கழகம், பெயர் கெட்டுவிடும், இனி யாரும் ஏரியைத் தரமாட்டார்கள் என்றார். பாய் அவரைக் கடந்து போய்விட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். செயலாளர் ஜீப்பில் ஏற வேண்டும். பாயும் ஏற வேண்டும். விபத்து வண்டியில் டயரை மாற்றியது அவர் கை. யார் சொல்லிச் செய்தாலும் அது தடயத்தைக் கலைத்ததுதான். வாக்குமூலம் எழுதாமல் விட முடியாது என்றார். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஒன்பது தலைகளையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டும் போல இருந்தது.

ஜீனத்தின் ஆத்திரம் மேடத்தின் மேல் திரும்பியது. எங்கள் அத்தாவைக் காப்பாற்றத்தானே வந்தேன், நீங்களே ஜீப்பில் ஏற்றிவிட்டீர்களே என்று கேட்டாள்.

பாய் ஜீப்பின் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"வுடும்மா. பொய் டயர் மாட்டினவன்னு எழுதுவாங்க. அது நெசம்தான், மாட்டினேன். மொட்ட டயர ஓட வுட்டவன்னு எழுத மாட்டாங்க இல்ல? எனக்கு அது போதும்."

அவர் முதலில் ஏறி உட்கார்ந்தார். சக்கரபாணி தன் காரில் வருவதாகச் சொல்லிப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் பேசாமல் ஜீப்பின் பின்பக்கத்தைக் காட்டினார். வெள்ளை வேட்டி அழுக்குப் பலகையில் உட்கார்ந்தது.

ஜீப் செங்கம் சாலையில் திரும்பி மறையும்வரை ஜீனத் அசையவில்லை. பிறகு துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நேராக வந்து என் ஆட்டோவில் ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா. மாறன் இன்னும் எங்க அத்தாவத் திட்டிக்கினு கெடக்கறாரு. யாரத் திட்டணும்னு நான் போய் சொல்லணும்."